நிரலால் கோலமிடும் கலைஞர்கள்

புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு, இணையத்தில் பரவி வரும் நிரல் கலையைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஓவியர் தூரிகையை எடுப்பதுபோல, இக்கலைஞர்கள் கணினிக்கான கட்டளைகளை எழுதுகின்றனர். கைப்பேசியில் உள்ள குரோம், சஃபாரி போன்ற உலாவிகள் அக்கட்டளைகளைப் படித்துப் படமாக்கித் தருகின்றன. திரையைத் தொட்டால் கோடு வளையும். விரலை இழுத்தால் வண்ணம் மாறும். ஒரே படைப்பு ஜொகூர் பாருவில் ஒருவருக்கு ஒரு மாதிரியும், குளுவாங்கில் இன்னொருவருக்கு வேறு மாதிரியும் விரியலாம். கலைஞர் எழுதி வைப்பது விதிகளை. படம் பார்ப்பவரின் கையசைவில் உருவாகிறது.

நம் சிக்குக்கோலமும் விதியால் ஆனதே. முதலில் புள்ளிகளை வைக்க வேண்டும். கோடு புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டும். எந்தப் புள்ளியும் விடுபடக்கூடாது. தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து முடிய வேண்டும். இவ்வளவும் கைக்குப் பழகிவிட்டால், ஐந்து புள்ளிக் கோலத்தைப் பதினைந்து புள்ளிக்கு விரிக்கப் புத்தகம் தேவையில்லை. தோட்டத்து லயத்து வாசலில் விடியற்காலையில் கோலமிட்ட நம் பாட்டிமார்கள் இந்தக் கணக்கை மனத்திலேயே வைத்திருந்தனர்.

இதை முதலில் கணினி அறிவியலோடு சேர்த்துப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டு ஆய்வாளர்களே. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும், அவருடைய துணைவியாரான கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணியும், கமலா கிரிதிவாசனும் சேர்ந்து 1974ஆம் ஆண்டில் கோலம் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையை அனைத்துலகக் கணினி வரைகலை இதழ் ஒன்றில் வெளியிட்டனர். சொற்களை அடுக்கி வாக்கியம் அமைப்பதுபோல, கட்டங்களில் அடையாளங்களை வைத்து, விதிப்படி அவற்றை மாற்றி மாற்றிக் கோலத்தை வளர்க்கலாம் என்று அவர்கள் காட்டினர். அந்த விதித் தொகுதிக்குக் கணினித் துறையினர் வைத்திருக்கும் பெயர் ‘இலக்கணம்’. தமிழ் படித்தவர்கள் இச்சொல்லைக் கேட்டு மிரள வேண்டியதில்லை.

கிஃப்ட் சிரோமணி அத்தோடு நிற்கவில்லை. 1980களில் அவர் கோலம் போடும் கையின் அசைவுகளையே ஆராய்ந்தார். நேரே போவது, இடம் வலமாகத் திரும்புவது, புள்ளியைச் சுற்றி வளையம் இடுவது எனச் சில அசைவுகளின் தொடராகவே ஒரு கோலத்தை எழுதிவிடலாம் என்பது அவ்வாராய்ச்சியின் அடிப்படை. கணினிக்குக் கட்டளை எழுதுவதும் ஏறத்தாழ இதேதான்.

இணையத்தையே கலைக்களமாக்கும் முயற்சி 1990களின் நடுவில் தொடங்கியது. ரஷ்யக் கலைஞர் ஒலியா லியாலினா 1996இல் உருவாக்கிய ஒரு படைப்பில், போரிலிருந்து திரும்பிய காதலனும் அவன் காதலியும் பேசுகின்றனர். பார்ப்பவர் சொடுக்கச் சொடுக்கத் திரை சிறு சிறு சட்டங்களாகப் பிளந்துகொண்டே போகும். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் ஊர்ந்து வந்த காலம் அது.

அதே 1996இல் நம் நாட்டிலும் ஒரு படைப்பு வந்தது என்பது பலருக்குத் தெரியாது. சரவாக்கில் உள்ள யுனிமாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நிரஞ்சன் ராஜா, பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்பின் கடைசிப் படைப்பைக் கிண்டல் செய்து இணையப் படைப்பொன்றை உருவாக்கினார். டுஷாம்பின் மூலப்படைப்பை அமெரிக்காவின் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் ஒரு மரக்கதவின் இரு துளைகள் வழியாகத்தான் பார்க்க முடியும். அதை எங்கிருந்தும் திறக்கக்கூடிய இணையத்தில் வைத்தால் கலைக்கு இடம் எது என்பது நிரஞ்சன் எழுப்பிய கேள்வி. மறு ஆண்டு அவரும் ஹஸ்னுல் ஜமால் சைடோனும் சேர்ந்து கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தில் மலேசியாவின் முதல் மின்னியல் கலைக் கண்காட்சியை ஏற்பாடு செய்தனர்.

இன்று இதற்குப் பெரிய செலவில்லை. கேசி ரியாஸ், பென் ஃப்ரை ஆகியோர் 2001இல் கலைஞர்களுக்காக ‘புராசஸிங்’ எனும் நிரல் கருவியை வெளியிட்டனர். அதன் வழியில் லாரன் மெக்கார்த்தி 2013இல் தொடங்கிய ‘பி5.ஜேஎஸ்’ உலாவியிலேயே இயங்கும், இலவசம். இதில் எழுதும் நிரலில் முக்கியமாக இரண்டு பகுதிகள் இருக்கும். முதலாவது ஒருமுறை மட்டும் இயங்கிக் களத்தை அமைக்கும். அதைப் புள்ளி வைக்கும் வேலை எனலாம். இரண்டாவது, வழக்கமாக நொடிக்கு 60 முறை திரும்பத் திரும்ப இயங்கிக் கோட்டை வரையும். விரல் தொட்ட இடம் எண்ணாக அதற்குள் வந்து சேர்வதால்தான் கோலம் நம் தொடுதலுக்கு அசைகிறது. கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பது தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குச் சற்றுத் தடைதான். ஆனால், தேவைப்படுபவை சில பத்துச் சொற்களே.

இப்படைப்புகளுக்கு ஆயுள் குறைவு. ‘ஃபிளாஷ்’ மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31இல் நிறுத்தியபோது, அதை நம்பிச் செய்யப்பட்ட எண்ணற்ற இணையப் படைப்புகள் உலாவியில் இயங்காமல் போயின. வாசல் கோலமும் மாலைக்குள் அழிந்துவிடும். ஆனால், விதி போட்டவரிடம் இருப்பதால் மறுநாள் காலையில் திரும்ப வரும்.

அந்த விதியும் இப்போது கைநழுவி வருகிறது. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தபின் வாசலில் கோலத்தாளை ஒட்டுகிறோம். தீபாவளிக்குப் பேரங்காடிகளில் வண்ண அரிசியால் போடும் மயிலும் விளக்கும் அழகுதான். ஆனால், அவற்றில் புள்ளிக் கணக்கு கிடையாது.

வீட்டில் சிக்குக்கோலம் தெரிந்த மூத்தவர் இருந்தால், முடிந்த கோலத்தைப் படம் பிடிப்பது போதாது. கை போன வரிசை படத்தில் தெரியாது. அவர் போடும்போது கைப்பேசியை மேலிருந்து பிடித்துக் காணொலியாக எடுக்கலாம். புள்ளிகள் எத்தனை, நேர்ப்புள்ளியா இடுக்குப்புள்ளியா, எந்தப் புள்ளியருகே கோடு தொடங்கியது, எங்கெங்கே திரும்பியது என்று குறித்துக்கொண்டால், அக்குறிப்பை வைத்தே ஒரு மாணவர் அதை நிரலாக எழுதத் தொடங்கலாம்.