திடலும் பள்ளியும் வேலை நேரமும்: மலாக்காத் தமிழரிடம் கிரிக்கெட் வந்த வழி

மலேசியத் தோட்டத் தமிழரிடம் கிரிக்கெட் ஏன் வேரூன்றவில்லை என்று கேட்டால், "நம்ம ஆளுங்களுக்குக் காற்பந்துதான் பிடிக்கும்" என்ற பதில்தான் உடனே வரும். மலாக்காவின் தோட்டங்களையும் பட்டணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தப் பதில் நிற்காது. ஒரே மொழி பேசிய மக்களில் ஒரு சாரார் முதல் உலகப் போர்க் காலத்திலேயே கழகம் அமைத்து விளையாடினார்கள். இன்னொரு சாராரை அந்த ஆட்டம் எட்டவே பல தலைமுறைகள் ஆயின. ஆங்கிலப் பள்ளியும் வேலை நேரமும் இட்ட கோடுதான் இருவரையும் பிரித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1824 ஒப்பந்தத்தின்படி டச்சுக்காரர் கையிலிருந்து மலாக்கா பிரிட்டிஷாருக்கு வந்தது. 1826இல் பினாங்கு, சிங்கப்பூருடன் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றானது. அதற்கு வெகுகாலம் முன்பே தமிழர் இங்கே இருந்தார்கள். தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் 1781ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் கூட்டம் கூட்டமாகத் தமிழர் வந்தது ரப்பரோடுதான். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை 1896இல் புக்கிட் லிந்தாங்கில் போட்டவர் ‘தான் சாய் யான்’ என்பவர். அடுத்துப் புக்கிட் அசகான் தோட்டம் வந்தது. ஆள் சேர்த்து மேய்த்த கங்காணிகள் சேலம், திருச்சி, தஞ்சை, வடாற்காடு பகுதிகளிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள்.

அந்த மக்கள் விட்டுவந்த சென்னை மாகாணத்தில் கிரிக்கெட் அப்போது நகரத்து ஆட்டம். சென்னைக் கிரிக்கெட் கிளப் 1846இல் ஐரோப்பியருக்காக அமைந்தது. இந்தியருக்கென்று புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். சென்னையின் சேப்பாக்கத் திடலில் நடந்தது சேலத்துக் கிராமத்தானுக்குத் தெரிய வழியில்லை. அவன் கப்பலேறும்போது அவனிடம் சடுகுடு இருந்தது, சிலம்பம் இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் நிலை வேறு. அங்கே மிஷன் பள்ளிகள் ஆங்கிலத்தோடு மட்டையையும் கையில் கொடுத்தன. பரி யோவான் கல்லூரியும் யாழ் மத்திய கல்லூரியும் மோதும் ‘வடக்கின் போர்’ 1904இல் தொடங்கியது. அதே வட்டாரத்தில் ஆங்கிலக் கல்வியைப் பரப்பிய இன்னொரு கூட்டம் அமெரிக்க மிஷன். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி நிறுவியவர்கள் அவர்கள். அமெரிக்காவும் ஒரு காலத்தில் கிரிக்கெட் நாடுதான்: உலகின் முதல் பன்னாட்டு ஆட்டம் 1844இல் நியூயார்க்கில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நடந்தது. பிறகு பேஸ்பால் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

யாழ்ப்பாணத்தார் ரயில்வேயிலும் கருவூலத்திலும் மருத்துவமனையிலும் எழுத்தர்களாக மலாயா முழுவதும் அமர்ந்தார்கள். அரசாங்க அலுவலகம் மாலையில் மூடும், சனிக்கிழமை அரைநாள். 1914இல் கோலாலம்பூரில் அவர்கள் அமைத்த தமிழர் உடற்பயிற்சிக் கழகம் இன்றும் இருக்கிறது. இந்த மரபின் உச்சம் என்று நான் கருதுவது மகாதேவன் சதாசிவத்தை. 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்த அவர், இலங்கை, சிங்கப்பூர், மலாயா ஆகிய மூன்று அணிகளுக்கும் தலைமை தாங்கியவர்.

இனி தோட்டத்துக்கு வருவோம். விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு. கிராணி எனும் தோட்ட எழுத்தர் பெயர் படிப்பார், கங்காணி மர வரிசைகளை நிரை நிரையாகப் பிரித்துக் கொடுப்பார். காலைக் குளிர்ச்சியில் பட்டையைச் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே ஓர் ஆள் ஏறத்தாழ 300 மரங்களை உச்சிப்பொழுதுக்கு முன்பே வெட்டி முடிக்க வேண்டும். பிறகு அதே நிரைகளில் திரும்ப நடந்து, மங்குக் கிண்ணங்களிலிருந்த பாலை வாளியில் வழித்து, தோளில் காண்டாக் கட்டையில் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். வீடு திரும்பும்போது பிற்பகலாகியிருக்கும். அந்த நேரத்தில்தான் மலாயாவின் மழையும் பிடிக்கும். 1920களின் பிற்பகுதியில் இந்த வேலைக்கு ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயித்தார்கள். பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைந்தது.

இந்த நாளுக்குள் கிரிக்கெட்டை எங்கே வைப்பது? புதிதாகப் பார்ப்பவருக்கு ஆட்டத்தின் அடிப்படை எளிதுதான். பக்கத்துக்குப் 11 பேர். ஓர் அணி பந்து வீசும். மற்றது இருவர் இருவராக வந்து அடிக்கும். அடித்தவர்கள் இரு முனைகளுக்கும் இடையே மாறி ஓடினால் ஓர் ஓட்டம். பந்து தரையில் உருண்டு எல்லையைத் தொட்டால் 4, நேரே தாண்டி விழுந்தால் 6. பின்னால் நட்ட மூன்று குச்சிகளைப் பந்து தட்டினாலோ, அடித்த பந்தைத் தரைபடுமுன் பிடித்தாலோ அடித்தவர் வெளியே; அது ஒரு விக்கெட். ஆறு பந்துக்கு ஓர் ஓவர். இதைக் கற்க ஒரு சாயங்காலம் போதும். கிடைக்காதவை வேறு: 22 கஜ நீளத்துக்குக் கல் பொறுக்கிச் சமன் செய்த தரை, சுற்றிலும் புல் வெட்டிய பெருந்திடல், தோல் பந்து, காலுறை, கையுறை, அப்புறம் ஒரு முழுப் பகல். காற்பந்துக்கு ஒரே ஒரு பந்தும் இருட்டுமுன் ஒரு மணி நேரமும் போதும். லயன் எனும் தோட்டத் தொடர்வீடுகளின் பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதில் மர்மம் ஏதுமில்லை. 1970களில் மலேசியக் கோல்கம்பத்தைக் காத்த ஆறுமுகத்தின் பெயரைத் தோட்டங்கள் கொண்டாடியதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு.

பள்ளியும் அதே கோட்டைத்தான் ஆழப்படுத்தியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்தச் சொன்னது. நடந்ததென்னவோ சில வகுப்புகள் மட்டுமே கொண்ட தமிழ்ப் பள்ளி. 1826இல் தொடங்கிய இலவசப் பள்ளியிலிருந்து வளர்ந்த மலாக்கா உயர்நிலைப் பள்ளி, 1880இல் வந்த செயின்ட் பிரான்சிஸ் பள்ளி எல்லாம் பட்டணத்தில். தோட்டத்துப் பிள்ளை அங்கே போகப் பணமும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும்.

ஆங்கிலப் பள்ளி வழியாக வந்தவருக்கு எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதற்கு லால் சிங் சான்று. 1909இல் கோலாலம்பூரில் பிறந்த இந்தச் சீக்கியர், 1932இல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்டில் ஆடி, இங்கிலாந்தின் ஃபிராங்க் வூல்லியை ரன் அவுட் ஆக்கினார். அதற்கு முன் 1927இலேயே மலாயா அணி, டெஸ்ட் வீரர்கள் பலர் அடங்கிய ஆஸ்திரேலிய அணியைக் கோலாலம்பூரில் 39 ஓட்டங்களில் வென்றிருந்தது. ஆட்டம் நாட்டில் இருந்தது. தோட்டத்துக்குள் போகும் பாதைதான் இல்லை.

பாதை பிற்காலத்தில் தொலைக்காட்சி வழியாகத் திறந்தது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற, மக்கள் பட்டணத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். 1996இல் தமிழரான முரளிதரன் இடம்பெற்ற இலங்கை அணி உலகக் கோப்பையை வென்றது. 2008இல் இரண்டு காரியங்கள் நடந்தன: 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை மலேசியாவிலேயே நடந்து, கின்ராரா திடலில் விராட் கோலி தலைமையிலான இந்திய அணி வென்றது; அடுத்த சில வாரங்களில் இந்தியாவின் ஐபிஎல் தொடரும், அதோடு சென்னை சூப்பர் கிங்ஸும் வந்தன. தமிழர் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் அணி கிடைத்தது. இருபது ஓவர் (டி20) ஆட்டம் மூன்று மணி நேரத்தில், வேலை முடிந்து வந்தவர் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும்படி முடிந்தது. இதே குறுகிய வடிவம்தான் அமெரிக்காவுக்கும் கிரிக்கெட்டைத் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறது. 2023இல் தொடங்கிய அந்நாட்டு லீக்கில் சென்னை அணியின் கிளையாக டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் ஆடுகிறது.

பார்ப்பது வேறு, ஆடுவது வேறு. 2023இல் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்து, ஆண்கள் பன்னாட்டு டி20இல் ஏழு விக்கெட் வீழ்த்திய முதல் பந்துவீச்சாளர் ஆனவர் மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ். அவர் ஒரு மலாய் இளைஞர். ஓர் இனத்துக்கு ஓர் ஆட்டம் இயல்பிலேயே வரும் அல்லது வராது என்ற பேச்சை அந்த ஏழு விக்கெட்டுகளுக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். தேசிய அணியில் தோட்டத்து வழித்தோன்றல்கள் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன், மலாக்காவின் தமிழ்ப் பள்ளிகளில் எத்தனைக்குத் திடலும் பயிற்றுநரும் உண்டு என்று கேட்பதே முறை.