ஜப்பான் கத்தியும் நம்ம குருந்தமும்

அக்கா ஜப்பான்லேருந்து கொண்டுவந்த கத்தி. முனை அரிசி அளவு உடைஞ்சு போச்சு. திருவண்ணாமலை தேரடி வீதியில் சாணைக்காரரிடம் நீட்டினேன். "சக்கரத்துல வச்சா சூடேறி பதம் போயிடும் சார், தண்ணிக் கல்லுல தேயுங்க"ன்னு திருப்பித் தந்துட்டார். வர்ற காசை யார் விடுவாங்க!

வாங்கினது ரெண்டு கல்: உடைப்பைச் சரிபண்ண 400, கூர் தீட்ட 1000. உள்ளே அலுமினியம் ஆக்சைடு. அட, நம்ம குருந்தம்! ஆங்கிலக் 'கொரண்டம்' இதிலிருந்து போனதுதான். சேலம், பாப்பாரப்பட்டிப் பக்கம் கிடைத்த குருந்தக்கல்லைப் பொடித்து, அரக்கில் குழைத்துத்தான் அந்தக்காலச் சாணைச் சக்கரம் செய்தார்கள். 1898-ல் நிலவியலாளர் ஹாலந்து குருந்தத்துக்கென்றே தனி நூல் எழுதினார்.

அதற்குள் 1891-ல் அமெரிக்காவில் அச்சிசன் மின் உலையில் 'கார்போரண்டம்' செய்துவிட்டார். கரியும் குருந்தமும் சேர்ந்தது என்று தப்பாக நினைத்து வைத்த பெயராம். பாதிப் பெயர் நம்மது! 1954-ல் அதே பெயரில் சென்னையிலேயே கம்பெனி வந்தாச்சு.

கத்தியா? முனை வந்துடுச்சு. 1000 கல்லில் இன்னும் அரை மணி நேரம் பாக்கி.