கவிழ்த்து மாட்டிய ரூட்டர்

கதவு, அலமாரி ஓரங்களில் அழகா வளைவு இழைச்சிருப்பதைப் பார்த்திருப்பீங்க. ஒரு காலத்தில் இது முழுக்கக் கைவேலை. 1793-ல் இங்கிலாந்தின் சாமுவேல் பெந்தம், சுழலும் கத்தியால் மரம் இழைக்கும் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனா அப்புறம் வந்த பெரிய இயந்திரங்கள் ஆலைக்காரங்களுக்கே கட்டுப்படியாச்சு.

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் ஆர்.எல். கார்ட்டர் கையில் பிடிக்கும் மின் ரூட்டரைச் செய்தார். முடிவெட்டும் கருவியின் பாகத்தை வச்சுத் தொடங்கினார்னு சொல்வாங்க. 1929-ல் ஸ்டான்லி நிறுவனம் அவர் தொழிலை வாங்கியது.

பிறகு சின்னப் பட்டறைக்காரங்க தாங்களே ஒரு வழி செஞ்சுகிட்டாங்க. பிளைவுட் மேசையில் துளை போட்டு, ரூட்டரைத் தலைகீழா அடியில் மாட்டினாங்க. கத்தி மட்டும் மேலே நீட்டியிருக்கும். நேரான கட்டை ஒன்றை அணைப்பாக வைத்து, மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ளணும். பெரிய இயந்திரத்தின் பல வேலைகள் குறைந்த செலவில் முடிந்தன.

கத்தி நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேலும் சுற்றும். அதனால் முந்தானையை இறுக்கிச் செருகி, வளையலைக் கழற்றி, கண்ணாடி போட்டுக்கணும். சின்னத் துண்டுகளை விரலால் தள்ளாம, கட்டையால் தள்ளணும்.

இங்கே கருவியின் எடையை மேசையே தாங்குது. பழகிக்கிட்டா நம்ம கையும் செய்யும். ஆம்பளை வேலைன்னு ஒதுங்கக் காரணமே இல்லை.