வடசென்னையின் யாழ்ப்பாணத்து எம்.பி.

இந்த எபிசோடை ஒரு தேர்தல் முடிவிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1957 மக்களவைத் தேர்தல். சென்னைக்கு அப்போ ரெண்டே தொகுதி: தென்சென்னை, வடசென்னை. தெற்கே ஜெயிச்சவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, காங்கிரஸ்காரர், நேரு அமைச்சரவையின் நிதியமைச்சர். வடக்கே ஜெயிச்சவர் எந்தப் பெரிய கட்சியின் சின்னமும் இல்லாத ஒரு சுயேச்சை, தொழிற்சங்கத் தலைவர். அதுவும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பேரு எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை.

தெற்கே ஒருத்தர் பட்ஜெட் போடுறார். வடக்கே ஒருத்தர் அந்த பட்ஜெட்டைக் கேள்வி கேட்கிற பெஞ்சில் உட்கார்றார். ஒரே ஊர், ஒரே அவை. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கத்து மக்கள் ஏன் இவரை அனுப்பினாங்க? அதுதான் இன்னைக்கு நம்ம கேள்வி.

முதல்ல ஆள் யாருன்னு பார்த்துடலாம். பிறந்த வருஷம் 1914. கொழும்பிலும் லண்டனிலும் படிச்சவர். ஊர் திரும்பினதும் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். ட்ராட்ஸ்கியின் வழியை ஏத்துக்கிட்ட இடதுசாரிக் கட்சி அது. அவர் கல்யாணம் செய்துகொண்ட கரோலின், அந்தக் கட்சித் தலைவர்களில் ஒருவரான பிலிப் குணவர்த்தனவின் தங்கை. யாழ்ப்பாணத் தமிழர், சிங்கள மனைவி, ரெண்டு பேருமே கட்சிக்காரங்க. மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவில் அவர் சங்க வேலை செய்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. போரை எதிர்த்த அந்தக் கட்சியின் மேல் ஆங்கிலேய அரசு பாய்ந்தது. தலைவர்களை 1940-ல் சிறையில் போட்டாங்க. தப்பினவங்களில் பலர் கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்தாங்க. அந்தோணிப்பிள்ளையும் அப்படி வந்தவர்தான்.

1946-ல் அவர் மெட்ராஸ் லேபர் யூனியனின் தலைவரானார். 1918-ல் தொடங்கின சங்கம் அது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று, திரு.வி.க. உழைச்ச சங்கம். பெரம்பூர் பக்கம் இருந்த பி அண்ட் சி மில் தொழிலாளர்களுடையது. அடுத்த வருஷமே மில்லில் பெரிய வேலைநிறுத்தம், ஏறக்குறைய நூறு நாள். தலைவர் கைதானார். ஆனா அவர் பெயர் வடசென்னை முழுக்கப் பரவிடுச்சு. 1952-ல் சோஷலிஸ்ட் கட்சி சார்பில் சட்டமன்றத்துக்குப் போனார். அஞ்சு வருஷம் கழிச்சு டெல்லி.

இங்கே கொஞ்சம் நின்னு யோசிப்போம். ஒரு தொழிற்சங்கத் தலைவருக்கு டெல்லியில் என்ன வேலை?

ராயபுரத்தில் அன்னைக்கு யார் யாருக்குச் சம்பளம் கொடுத்தாங்கன்னு பாருங்க. துறைமுகம் மத்திய அரசின் பொறுப்பு. ரயில்வே மத்திய அரசு. சுங்கம் மத்திய அரசு. தபாலும் அப்படித்தான். மில் தொழிலாளிக்கு முதலாளி ஒரு தனியார் கம்பெனி. பிரச்சினைன்னா மாநில அரசு தலையிடும். ஆனா துறைமுகத்தில் மூட்டை இறக்குறவரின் தலைவிதி எழுதப்படுறது டெல்லியில். அதனால வடசென்னை எம்.பி. கேள்வி நேரத்தில் எழுந்து நின்னா, அது தொழிலாளி நேரா முதலாளியையே கேட்கிற மாதிரி. மேடையில் பேசினா அரசு காதில் வாங்காமல் போகலாம். அவையில் கேட்டா அமைச்சர் பதில் சொல்லணும், அது குறிப்பேட்டில் ஏறும், அந்தப் பதிலைக் கையில் வெச்சுக்கிட்டு சங்கம் அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகலாம்.

ஒரு சட்டம் என்ன மாத்தும்னு சந்தேகம் இருந்தா, 1948-ன் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தைப் பாருங்க. அதுக்கு முன்னாடி கப்பலில் சரக்கு ஏத்தி இறக்குற வேலை பெரும்பாலும் தினக்கூலி. காலையில் கூட்டமா நிக்கணும், மேஸ்திரி கை காட்டினா வேலை, இல்லைன்னா வீட்டுக்கு. சட்டம் வந்து, 1950-களில் சென்னையிலும் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைஞ்ச பிறகு பெயர்கள் பதிவாச்சு. முறை வைத்து வேலை கொடுத்தாங்க. வந்து நின்னும் வேலை கிடைக்காத நாளுக்கு ஒரு படி. வாரியத்தில் அரசு, முதலாளி, தொழிலாளி மூணு தரப்பும் உட்கார்ந்தாங்க. ஆனா சட்டப் புத்தகத்தில் இருக்கிறது கப்பல் மேடைக்கு வந்து சேரணுமே? அதுக்கு யாராவது தொடர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கணும். 1958 ஜூனில் நாட்டின் பெரிய துறைமுகங்களில் வேலைநிறுத்தமே நடந்தது. மில் தொழிலாளர்களைப் போலவே துறைமுகத் தொழிலாளர்களுக்கும் சங்கத் தலைவரா இருந்த ஒருத்தர் அந்த நேரத்தில் மக்களவையில் இருந்தார் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனா எண்ணிக்கையையும் மறக்கக் கூடாது. 494 இடங்களில் காங்கிரஸுக்கு 371. அங்கீகாரம் பெற்ற எதிர்க்கட்சித் தலைவரே அப்போ கிடையாது. அந்த அவையில் ஒரு சுயேச்சை எந்த மசோதாவையும் தோற்கடிக்க முடியாது. டி.டி.கே. 1957 மே பட்ஜெட்டில் சொத்து வரியும் கொண்டுவந்தார், சர்க்கரை, டீ மாதிரி சாமான்களுக்குக் கலால் வரியையும் ஏத்தினார். வாக்கெடுப்பு வந்தா முடிவு முன்கூட்டியே தெரிஞ்சதுதான். எதிர்க்கட்சி எம்.பி.யின் பலம் ஓட்டில் இல்லை, கேள்வியில் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னாடி மில் வாசலிலும் துறைமுக வாசலிலும் ஆட்கள் நின்னாங்க. அவங்க இல்லைன்னா அது வெறும் பேச்சு.

இன்னொரு விஷயமும் இருக்கு. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. தொடர்ந்து ஓட்டுரிமையும் போச்சு. அந்தோணிப்பிள்ளை எந்தத் தொழிலாளர்களுக்காக அங்கே உழைத்தாரோ, அவங்களுக்கு ஓட்டு இல்லை. அதே காலத்தில் கடலுக்கு இந்தப் பக்கம், அங்கே பிறந்த அவரை வடசென்னைத் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதியாக்கினாங்க. நீ எந்த ஊர்க்காரன்னு கேட்கலை, எங்க பக்கம் நின்னியான்னு பார்த்தாங்க.

1962-ல் தொகுதி காங்கிரஸுக்குப் போனது, 1967-ல் தி.மு.க.வுக்கு. அந்தோணிப்பிள்ளை அதுக்கப்புறமும் பல வருஷம் சங்க வேலையில் இருந்தார். 2000-ல் காலமானார். பி அண்ட் சி மில் அதுக்கு முன்னாடியே மூடியாச்சு. துறைமுகம் இருக்கு, ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருக்காங்க. அடுத்த தடவை ராயபுரம் பாலத்துல கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினா, உங்க எம்.பி. இந்த வருஷம் மக்களவையில் என்ன கேள்வி கேட்டார்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. எல்லாம் பதிவில் இருக்கு.