சீவாளி பிறந்த கதை

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் நகரும்போது நாயனம் ரத வீதி முழுக்கக் கேட்கும். ராஜபாளையத்துக் கல்யாண மண்டபங்களில் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்திலும் அதுதான் ஓங்கி ஒலிக்கும். அவ்வளவு ஓசையும் சுண்டுவிரல் நீளங்கூட இல்லாத ஒரு நாணல் துண்டில் தொடங்குகிறது. சீவாளி என்பது அதுதான்.

சீவாளிக்குப் பேர்போன ஊர் காவிரிக் கரையோரத் திருவாவடுதுறை. நாயன மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த ஊர். நாயனம் கடையும் நரசிங்கம்பேட்டையும் பக்கத்தில்தான். ஆற்றோரம் வளரும் நாணலை வெட்டிக் காயப்போடுவார்கள். ஈரம் முழுக்கப் போகும்வரை அவசரம் காட்டுவதில்லை. பிறகு துண்டுபோட்டு வேகவைத்து, மறுபடி காயவைத்து, வாயை நசுக்கித் தட்டையாக்கி, அடியை நூலால் இறுகக் கட்டி, கத்தியால் சீவுவார்கள். ஒரு சீவல் கூடினால் ஓசை மெலியும். குறைந்தால் ஊதுகிறவருக்கு மூச்சு முட்டும். அளவு சொல்ல அங்கே கருவி கிடையாது. கையும் காதும்தான்.

பட்டறையில் பாதிதான் முடிகிறது. மீதி, ஊதுகிறவரின் வாயில். எச்சிலில் ஊறி இளகிய பிறகே இரண்டு இதழ்களும் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மூடித் திறந்து காற்றை வெட்டும். ஊறி ஊறி அது தளர்ந்தும் போகும். அதனால்தான் வித்வான்கள் வாத்தியத்திலேயே மாற்றுச் சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

மேலைநாட்டு கிளாரினெட், சாக்ஸபோன்காரர்களுக்கும் நாணலோடு இதே பாடுதான். தெற்குப் பிரான்சில் விளையும் நாணல்தான் அவர்களுக்கு உயர்ந்தது. கனடாவில் 1998-இல் தொடங்கிய லெஜேர் நிறுவனம் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் ரீடு, அதாவது அவர்களுடைய சீவாளி, செய்து விற்றது. ஊறவைக்க வேண்டாம், வெயிலுக்கும் மழைக்கும் குணம் மாறாது, பல மாதம் உழைக்கும். இன்று நாயனத்துக்கும் பிளாஸ்டிக் சீவாளி வந்திருக்கிறது.

ஆனால் சாக்ஸபோனும் நாயனமும் ஒன்றல்ல. சாக்ஸபோனில் ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் சாவி உண்டு. நாயனத்தில் விரல் வைக்க ஏழே துளைகள். அவற்றுக்கு இடைப்பட்ட சுரங்களையும் தோடி ராகத்தின் அசைவையும் விரலைப் பாதி தூக்கி, மூச்சைக் கூட்டிக் குறைத்து, உதட்டால் சீவாளியை அழுத்தித்தான் கொண்டுவர வேண்டும். சுரத்தை அசைக்கும் கமகத்தின் பெரும் பாரம் அந்தத் துண்டின்மேல்தான். உதடு சொன்னபடி வளையாத பொருள் எத்தனை நாள் உழைத்து என்ன பயன்?

பழகும் பிள்ளைகளுக்கும், காலையிலிருந்து வெயிலில் நடந்தபடி ஊதுகிறவர்களுக்கும் பிளாஸ்டிக் சீவாளி நல்ல துணை. அதை இகழ எனக்கு மனமில்லை. ஆனால் இரவு சாமி புறப்பாட்டில் ராகத்தை விஸ்தாரமாக ஊத நிற்கும் வித்வானுக்கு, இன்றைய தேதியில், நாணல் சீவாளியைத்தான் கையில் கொடுப்பேன். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் நாயனத்துக்குச் சம்பளம் பேசும்போது நல்ல சீவாளிக்கு ஆகும் செலவையும் சேர்த்தே பேசட்டும். அந்தப் பணம் திருவாவடுதுறைப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தலைமுறையும் கத்தியைக் கையில் எடுக்கும்.