சைகைக்கு வராத பாடம்

பருவ வயதில் உடலில் நேரும் மாற்றங்களைச் சொல்லித்தரும் பாடம் காதுகேளாதோர் பள்ளிகளுக்கு மிகத் தாமதமாகவே வந்தது. பள்ளிகளோ பழையவை. 1880களில் பம்பாயிலும் 1893இல் கல்கத்தாவிலும் அவை தொடங்கின. 1890களிலேயே பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆனால் 1880இல் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வியாளர் மாநாடு, சைகையை ஒதுக்கிவிட்டு வாய்ப்பேச்சு வழியே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தது. அந்த எண்ணம் இந்திய வகுப்பறைகளிலும் நெடுங்காலம் நிலைத்தது.

உதட்டைப் பார்த்துப் பாடம் புரிந்துகொள்வது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சொல் போதும். ‘மாதம்’, ‘பாதம்’ இரண்டுக்கும் உதடு ஒரேபோலத்தான் மூடித் திறக்கும். ‘மாதவிடாய்’ என்று ஆசிரியை பலமுறை சொன்னாலும், எதிரே இருக்கும் சிறுமி காலைக் குனிந்து பார்க்க நேரலாம். கேட்கும் பிள்ளைக்கு அம்மாவும் பெரியம்மாவும் அடுப்படியில் பேசுவது காதில் விழுந்தே பாதி விவரம் தெரிந்துவிடும். காதுகேளாத பிள்ளைக்கு அந்த வழி இல்லை. ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தின் எல்லையோரக் குடுபல்லி போன்ற ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: பல வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளிக் கரும்பலகையில் தெலுங்கு. சைகை மொழி அறிந்த பெற்றோர் அரிது. மிஞ்சியது பள்ளி விடுதி. மூத்த பிள்ளைகளின் கைகளிலிருந்தே இளையவர்கள் சரியும் தவறும் கலந்து கற்றார்கள். இதில் பிள்ளைகளின் குற்றம் ஏதுமில்லை.

1970களில் இந்தியச் சைகைகளை மதன் வசிஷ்டாவுடன் ஆராய்ந்த மொழியியலாளர் ஜேம்ஸ் உட்வர்ட், 1979இல் அமெரிக்கச் சைகை மொழியின் பாலியல் சொற்களைத் தனி நூலாக வெளியிட்டார். இந்தியாவில் அத்தகைய சொல் தேட்டம் மெதுவாகவே நடந்தது.

1986இல் மருத்துவர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தார்கள். பின்னர் வந்த எய்ட்ஸ் தடுப்புப் பிரசாரத்தில் வானொலியும் ஒலிபெருக்கியும் பேசியது கேட்பவர்களிடம்தான். பள்ளிகளுக்கென 2005இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தையும் 2007இல் கர்நாடகம், மகாராஷ்டிரம் உள்ளிட்ட மாநிலங்கள் நிறுத்திவைத்தன.

2010இல் வான்கூவரில் கூடிய காதுகேளாதோர் கல்வியாளர் மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 2018இல் 3,000 சொற்களுடன் வெளிவந்த இந்தியச் சைகை மொழி அகராதி 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது.

அதே 2018இல்தான், சென்னை அயனாவரத்தில் கேட்கும் திறன் குறைந்த ஒரு சிறுமி மாதக்கணக்கில் வன்கொடுமைக்கு ஆளானது வெளியே வந்தது. அவள் அக்காவிடம் சொன்ன பிறகே வீட்டுக்குத் தெரிந்தது. 2020இல் 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. இத்தகைய பிள்ளைகளிடம் வாக்குமூலம் பெறும்போது, அவர்களுடைய தொடர்புமுறை அறிந்தவரின் உதவியைப் பெற பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வழிசெய்கிறது. ஆனால் அது தீங்கு நடந்த பிறகு வரும் உதவி. இனப்பெருக்கம், குடும்பக்கட்டுப்பாடு பற்றிய தகவல் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 10ஆம் பிரிவில் சொல்கிறது. சைகை தெரிந்த ஆசிரியர் இல்லாத வகுப்பில் அந்தக் கடமை இன்னும் நிறைவேறவில்லை.