அவன் விட்ட வழியும் அண்ணல் கேட்ட குரலும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் காதுக்கு நன்கு பழகிய சொல் ஒன்று உண்டு. 'எல்லாம் அவன் விட்ட வழி' என்பதே அது. விடாமல் மழை பெய்து மரம் வெட்ட முடியாமற்போன மாதங்களில் அதைச் சொன்னோம். பிள்ளை தேர்வில் தவறியபோதும் அதையே சொன்னோம். சம்பளக் கணக்கில் குறை இருப்பது தெரிந்தும், கேட்கத் துணிவில்லாமல் அதைச் சொல்லிக்கொண்டு வீடு திரும்பியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். மூன்று இடத்திலும் சொல் ஒன்றுதான், பொருளும் ஒன்றுதானா? இறைவனிடம் தன்னை ஒப்படைப்பது ஒன்று. எதிரே நிற்கும் மனிதனுக்கு அஞ்சி அடங்கிப்போவது முற்றிலும் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய வரலாறு நமக்குத் துணைசெய்யும்.

இறைவன் திருவுளம் என்ன என்று காதுகொடுத்துக் கேட்பது தமிழருக்குப் புதிதன்று. மாரியம்மன் கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வதை நாம் பார்த்திருக்கிறோம். இதனினும் பழைய வழக்கம் ஒன்றைப் பத்துப்பாட்டுள் ஒன்றான முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டுகிறார். போருக்குப் போன தலைவன் திரும்பி வருவானா என்று அறிய, முதிய பெண்டிர் ஊர்ப்புறத்துக்குப் போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவி வணங்கி நிற்கிறார்கள். குளிரில் நடுங்கும் இடைக்குலப் பெண் ஒருத்தி, தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுகளுக்கு, உங்கள் தாய்மார் இதோ வந்துவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்வது அவர்கள் காதில் விழுகிறது. அதையே நல்ல வாக்காகக் கொண்டு திரும்புகிறார்கள். இதற்கு விரிச்சி கேட்டல் என்று பெயர். கன்றுக்குச் சொன்ன சொல்லில் கடவுளின் சொல்லைக் கேட்ட அந்த மனத்தை நாம் எளிதில் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஆனால் அந்தப் பெண்டிர் கேட்டது இனி என்ன நடக்கும் என்பதை. நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்பது அதைவிடக் கடினமான கேள்வி. அப்படிக் கேட்டே வாழ்ந்த ஒருவரின் பெயர் நம் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயராகவே நிற்கிறது. மகாத்மா காந்தி கலாசாலை என்ற அப்பள்ளியைத் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று உருவாக்கினார். 1954ஆம் ஆண்டு அதனைத் திறந்துவைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

காந்தியடிகளின் பொதுவாழ்வு தொடங்கிய இடம் நமக்கு அந்நியமானதன்று. நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்ததுபோல, 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி, ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர் பலர். அவர்களுள் ஒருவர் பாலசுந்தரம். 1894ஆம் ஆண்டு அவர் காந்தியடிகளின் அலுவலகத்துக்கு வந்தபோது உடை கிழிந்து, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அடித்தவர் அவருடைய வெள்ளைக்கார முதலாளி. அந்த நிலையிலும் பாலசுந்தரம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளையர் முன்னே தலைப்பாகையுடன் நிற்கக்கூடாது என்பது அங்கே நடைமுறை. காந்தியடிகள் முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகுதான் மருத்துவரிடம் அனுப்பியதும் சான்றிதழ் பெற்று நீதிபதியிடம் போனதும். இறுதியில் பாலசுந்தரம் வேறொரு முதலாளியிடம் மாற்றப்பட்டார். இந்தச் செய்தியைச் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். தலைப்பாகை கழற்ற வேண்டிய இடம் எது, கழற்றக்கூடாத இடம் எது என்பதைப் பெரட்டில் நின்ற நம் தாத்தாமார் யாரும் விளக்கமில்லாமலே புரிந்துகொள்வார்கள்.

பின்னாளில் காந்தியடிகள் தம்மைப் பூஜ்யமாக்கிக்கொள்வதைப் பற்றி அடிக்கடி பேசினார். தமக்கென்று ஒரு விருப்பம் இல்லாமல் இறைவன் கைக்கருவியாக இருப்பதே அவர் நாடிய நிலை. அதற்காக அவர் காட்டுக்குப் போகவில்லை. காலையும் மாலையும் பிரார்த்தனை, திங்கட்கிழமைதோறும் மௌனம், நாள்தோறும் இராட்டையில் நூற்பு: இவைதாம் அவருடைய பயிற்சி. மௌன நாளில் யார் வந்து எதைக் கேட்டாலும் துண்டுக் காகிதத்தில் எழுதியே விடை தருவார். ஓசை அடங்கினால்தான் உள்ளே கேட்கும் என்பது அவர் கருத்து.

கேட்கும்வரை காத்திருப்பதும் அதில் அடக்கம். 1930ஆம் ஆண்டு தொடக்கத்தில் நாடே சட்டமறுப்புப் போருக்கு ஆயத்தமாக நின்றது. எந்தச் சட்டத்தை மறுப்பது என்பதுதான் தெரியவில்லை. ஜனவரியில் சபர்மதி ஆசிரமத்துக்கு வந்த கவி தாகூரிடம், இரவும் பகலும் எண்ணுகிறேன், இன்னும் வெளிச்சம் தென்படவில்லை என்ற பொருளில் காந்தியடிகள் மறைக்காமல் சொன்னார். ஒரு பெருந்தலைவர் தமக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வது அரிது. பல வாரங்களுக்குப் பிறகே உப்பு என்ற விடை கிடைத்தது. மார்ச் 12ஆம் நாள் 78 தொண்டர்களுடன் புறப்பட்டு, 240 மைலுக்கு மேல் நடந்து, ஏப்ரல் 6ஆம் நாள் தண்டிக் கடற்கரையில் உப்பை அள்ளினார். அதே ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். படித்தவர்கள் பலர் உப்பா என்று முதலில் சிரித்தார்கள். கஞ்சியில் உப்பில்லாமல் உண்டு பார்த்த ஏழை சிரிக்கவில்லை.

மூன்று ஆண்டு கழித்து நடந்தது இன்னும் வியப்பானது. 1933 ஏப்ரல் முடியும் வேளை. காந்தியடிகள் பூனாவை அடுத்த எரவாடா சிறையில் இருந்தார். தீண்டாமை ஒழிப்புப் பணியில் தூய்மை குறைகிறதே என்ற கவலை அவரை வாட்டியது. ஒரு நாள் நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், உள்ளே கடும் போராட்டம். அப்போது வெகு தொலைவிலிருந்து வருவதுபோலவும் மிக அருகே ஒலிப்பதுபோலவும் ஒரு குரல் கேட்டதாகவும், அது மனிதக் குரல்போலவே தெளிவாக இருந்ததாகவும், கேட்டவுடன் போராட்டம் அடங்கியதாகவும் பின்னர் அரிசன் இதழில் எழுதினார். இருபத்தொரு நாள் உண்ணாநோன்பு என்பதே அவர் கொண்ட முடிவு. வயதோ அறுபத்து மூன்று. ராஜாஜி உள்ளிட்ட நண்பர்கள் தடுத்துப் பார்த்தார்கள். அது வெறும் மனப்பிரமை அன்று என்று எப்படித் தெரியும் என்று கேட்டவர்களும் உண்டு. மெய்ப்பிக்க என்னிடம் சான்று இல்லை, ஆனால் உலகமே மறுத்தாலும் நான் கேட்டது உண்மை என்பதே அவர் தந்த விடையின் சாரம். மே 8ஆம் நாள் நோன்பு தொடங்கியது. அன்று மாலையே அரசு அவரை விடுதலை செய்தது. மே 29ஆம் நாள் நோன்பு நல்லபடியாக முடிந்தது.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. அந்தக் குரல் அவரிடம், பிறரைப் பட்டினி போடு என்று சொல்லவில்லை. நீ பட்டினி கிட என்றது. எனக்குச் சாமி உத்தரவு வந்திருக்கிறது, நீ இவ்வளவு கொடு, அவனோடு பேசாதே, இந்தப் பெண்ணை அங்கே கட்டிக்கொடு என்று கூறுபவர்களை நாம் லயங்களிலும் பார்த்தோம், இன்றைய தாமான் வீடுகளிலும் பார்க்கிறோம். உத்தரவின் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் பாதி உண்மை விளங்கிவிடும். நீண்ட நாள் நோன்பும் வாய்மையும் பழகாதவர்கள் உட்குரல் கேட்டதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று காந்தியடிகளே எச்சரித்தார்.

அவரும் கடவுளின் கருத்தை உரைக்கப் போய் வாதத்தில் சிக்கியதுண்டு. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கியது. அப்போது தமிழகத்தில் பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்ற பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை இது என்று பேசினார். தாகூருக்கு இது பொறுக்கவில்லை. இவர் 1927இல் மலாயாவுக்கும் வந்து சென்றவர். காந்தியடிகளை உயிராக நேசித்தவர். இயற்கையின் நிகழ்ச்சிக்கு ஒழுக்கத்தைக் காரணமாக்குவது அறிவுக்குப் பொருந்தாது என்று மறுத்து எழுதினார். இடிபாட்டில் மாண்ட ஏழைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று நமக்கும் கேட்கத் தோன்றுகிறது. இந்த இடத்தில் நாம் தாகூர் பக்கமே. காந்தியடிகள் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மறுப்பைத் தம்முடைய அரிசன் இதழிலேயே முழுமையாக அச்சிட்டார்.

மீண்டும் நம் பேராக்கிற்கு வருவோம். ஐம்பதுகளில் வெள்ளையர் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்தனர். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அவன் விட்ட வழி என்று சொல்லிக்கொண்டு மூட்டை கட்டிய குடும்பங்கள் பல. சுங்கை சிப்புட்டில் பிறந்த சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் கட்டச் சொன்னார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி சிறிய தொகையன்று. தோட்டத்தை நாமே வாங்குவதா என்று நம்ப மறுத்தவர்கள் இருந்தார்கள். கோயிலில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, பணத்தைக் கட்டியவர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டே கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கத்தின் கைக்கு வந்தது.